நாலெழுத்தை மாற்றப் போனோம்

பீடோரிலிருந்து வந்த தணிக்கை அறிக்கை முப்பத்தொரு பக்கம். எல்லாம் பச்சை. பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் சிவப்பு. பாதுகாப்பற்ற பழைய நெறிமுறை ஒன்று இந்தக் கருவியில் இயங்குகிறது, தொண்ணூறு நாளில் அதை நீக்க வேண்டும், இல்லையேல் கருவியையே மாற்ற வேண்டும் என்று அந்த வரி சொன்னது.

அதை முதலில் படித்தவள் நான். எங்கள் அலுவலகத்துக்கு வரும் எதையும் முதலில் படிப்பது என் வேலை. ஈப்போவில் ஒரு டோபி கடையின் மாடியில் இருக்கிறோம். மூன்று பேர். முதலாளி தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம்; எழுபதைத் தாண்டியும் சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டுத்தான் வருவார். இரண்டாமவர் நிரல் எழுதுபவர். செமோரில் வீடு, வயது நாற்பத்திரண்டு. மூன்றாவது நான். பத்தொன்பது வருடம் ஒரு தமிழ் நாளிதழின் ஈப்போ கிளையில் செய்தி திருத்தினேன். கிளையை மூடியபோது, கையேடு எழுத ஆள் வேண்டும் என்று முதலாளி கூப்பிட்டார். எனக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாதே என்றேன்.

"தெரிஞ்ச ஆக்கள் எழுதினா ஒருத்தருக்கும் விளங்கிறதில்ல," என்றார்.

நாங்கள் விற்பது ஒரு பெட்டி. சப்பாத்துப் பெட்டி அளவு இருக்கும். அலுவலகத்து மூலையில் வைத்துவிட்டால், மற்ற கணினிகளில் உள்ள கோப்புகளை வலையமைப்பு வழியாக எடுத்துப் பத்திரமாகப் பிரதி வைத்துக்கொள்ளும். உள்ளே ஓடுவது காசு கொடுத்து வாங்கும் இயங்குதளம் அன்று. உலகம் முழுவதும் இருக்கும் ஆட்கள் சேர்ந்து எழுதுவது. அதன் நிரலை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம்.

பீடோர் வாடிக்கையாளர் ஒரு தோட்ட நிறுவனம். ஒரு காலத்தில் ரப்பர். இப்போது செம்பனையும் கொய்யாவும். எடை மேடையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு லாரியின் கணக்கையும் எங்கள் பெட்டி பிரதி எடுக்கிறது. அந்த நிறுவனத்தின் பன்னிரண்டு கிளை அலுவலகங்களிலும் எங்கள் பெட்டிதான். பன்னிரண்டையும் வைத்தவர், பதினொரு வருடமாகப் பார்த்துக்கொள்பவர், செமோர்க்காரர்.

அறிக்கையைப் படித்ததும் முதலாளி நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். சுற்றிவளைக்கவில்லை. பீடோர் போனால் ஒருவரை முழு நேரமாக வைத்துக்கொள்ளத் தன்னால் முடியாது என்றார். அரை நேரம் தரலாம். அரை நேரம் என்றால் அவர் பினாங்குக்குப் போக வேண்டியதுதான். அங்கே ஒரு தொழிற்சாலை அவரை நேர்காணலுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கூப்பிட்டிருந்தது. மனைவி செமோர் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை, மாற்றல் எளிதில் கிடைக்காது. வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வரும் புருஷன் தனக்கு வேண்டாம் என்று அவர் மனைவி சொல்லிவிட்டதாக எங்கள் இருவருக்கும் தெரியும். அவரே சொன்னார்.

"ஆனா சார், இது அந்தப் பழசு இல்ல," என்றார் செமோர்க்காரர். "பேர்தான் பழசு. ஆள் புதுசு."

விஷயம் இதுதான். ஒரு கணினி இன்னொன்றின் கோப்பை எடுக்க இரண்டுக்கும் ஒரு பொது மொழி வேண்டும். அந்த மொழியின் மிகப் பழைய பதிப்புக்கு நாலெழுத்தில் ஒரு பெயர். ஓட்டை நிறைந்தது, எல்லாரும் கைவிட்டது. பின்னால் வந்த பதிப்புகளுக்கு மூன்றெழுத்தில் வேறு பெயர். எங்கள் இயங்குதளத்தில் இந்த மொழியைப் பேசும் பகுதி நாலெழுத்துக் காலத்தில் எழுதப்பட்டது. உள்ளே எல்லாம் மாறிவிட்டது. இன்று அது பேசுவது புதிய பதிப்பைத்தான். எங்கள் பெட்டிகளில் பழையதைப் பேசச் சொல்லி வற்புறுத்தினாலும் பேசாது, அந்த வழியைச் செமோர்க்காரர் அடைத்துவிட்டிருந்தார். ஆனால் பகுதியின் பெயரை யாரும் மாற்றவில்லை. கோப்புறைக்கும் நாலெழுத்து, ஓடும்போது பட்டியலில் தெரியும் பெயருக்கும் நாலெழுத்து. தணிக்கையாளரின் சோதனை நிரல் அந்தப் பட்டியலைப் படிக்கிறது, நாலெழுத்தைப் பார்க்கிறது, சிவப்படிக்கிறது.

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பேரைத்தானே பாக்கிறாங்கள்? நீர் அந்தப் பன்னிரண்டு பெட்டியில மட்டும் பேரை மாத்தி விடுமன். அரை மணித்தியால வேலை."

"அது கள்ள ஐசி மாதிரி, சார். ஆள் சரியான ஆள்தான், அடையாளக் கார்டு கள்ளம். பிடிச்சா என்ன சொல்றது?"

"யார் பிடிக்கிறது?"

"யாரும் பிடிக்கலன்னாலும் எனக்குத் தெரியும்லா."

"அப்ப என்ன செய்யப் போறீர்?"

"பேர் எங்க வச்சாங்களோ அங்க போய் மாத்தணும். உலகம் பூராவும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பத்தொன்பதாம் பக்கத்தைப் பார்த்தேன்.

உலகம் பூராவும் பெயர் மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. திருத்தத்தை எழுதி, அது ஏன் வேண்டும் என்று சாதாரண ஆங்கிலத்தில் விளக்கி, அந்தப் பகுதிக்கான மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழுவில் இருப்பவர்கள் படித்துக் கேள்வி கேட்பார்கள், திட்டுவார்கள், சில சமயம் பாராட்டுவார்கள். அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. அவர் ஏற்றால் அது இயங்குதளத்துக்குள் போகும். எல்லாம் பொதுவில். யார் வேண்டுமானாலும் எத்தனை வருடம் கழித்தும் படிக்கலாம்.

விளக்கம் எழுதும் விதிகளைச் செமோர்க்காரர் எனக்குக் காட்டினார். தலைப்பு ஒரே வரியில் அடங்க வேண்டும். கட்டளை வடிவில் இருக்க வேண்டும். விளக்கத்தின் வரிகள் எழுபத்தைந்து எழுத்தைத் தாண்டக் கூடாது. என்ன செய்தாய் என்பதை விட ஏன் செய்தாய் என்று சொல். அடியில் உன் சொந்தப் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்றுக்கொள். எனக்கு உடனே பிடித்துப்போனது. நான் வேலை பார்த்த நாளிதழில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

அவர் நிரல் பக்கத்தைப் பார்த்தார். கோப்புறைக்குப் புதுப் பெயர், பட்டியலில் தெரியும் பெயருக்கும் புதுப் பெயர். விளக்கத்தை ஐந்து பத்தியாக எழுதி என்னிடம் கொடுத்தார். "அக்கா, கொஞ்சம் தட்டிக் குடுங்க. உங்க இங்கிலீஷ் ஸ்டாண்டர்ட். என் இங்கிலீஷ்ல சண்ட போடலாம், சமாதானம் பேச முடியாது."

மறுநாள் அவர் லூமுட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கிருந்து படகேறிப் போகும் பங்கோர் தீவில் ஒரு கிளினிக் பெட்டி படுத்துவிட்டது. அனுப்புவதற்கான கட்டளையைத் தன் இரண்டாவது மடிக்கணினியில் தயாராக வைத்துவிட்டுப் போனார். நான் விளக்கத்தைச் சீராக்கி அவருக்குக் கைப்பேசியில் அனுப்பினேன். படகுத் துறையில் வரிசையில் நின்றபடி முதல் இரண்டு பத்தியைப் படித்துவிட்டு, 'மந்தாப் அக்கா, ரொம்ப நல்லாருக்கு, அனுப்புங்க' என்று பதில் போட்டார். அனுப்பினேன். அவர் பெயரில் போயிற்று.

மறுநாள் காலை மூன்று கடிதம் வந்திருந்தது.

ஒன்று மனிதர் எழுதியதில்லை. வரும் திருத்தங்களை எல்லாம் தானாகவே இயக்கிச் சோதிக்கும் ஒரு இயந்திரம் எழுதியது. ஒரு ஆவணத்தில் பழைய கோப்புறைப் பெயர் அப்படியே இருக்கிறது என்று வரி எண்ணோடு சொல்லியிருந்தது. மரியாதையாகத்தான் சொல்லியிருந்தது.

இரண்டாவது ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் ஒருவர். இந்தத் திருத்தம் உள்ளே போனால் தான் பார்த்துக்கொள்ளும் நாற்பது இயந்திரங்களும் அடுத்த மேம்படுத்தலில் கோப்பு எடுக்க முடியாமல் நின்றுவிடும். எல்லாக் கட்டளைகளும் நாலெழுத்தைச் சொல்லித்தான் கூப்பிடுகின்றன. எழுதியவர் இதை ஒரு நிமிடமாவது யோசித்தாரா என்று கேட்டிருந்தார். மூன்றாவது பொறுப்பாளர். இரண்டே வரி. பயனர்கள் நம்பி இருக்கும் பெயரை இப்படி உடைக்க முடியாது. வேண்டாம்.

செமோர்க்காரர் மூன்றையும் படித்தார். பிறகு திரையில் மேலே போய் நாங்கள் அனுப்பியதைப் படித்தார். மெதுவாகக் கீழே வந்தார். மறுபடி மேலே போனார்.

"அக்கா. கடைசி பாரா எங்க?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"கடைசில இருந்துச்சு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இதற்கு முன் ஒரே ஒருவர் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு செய்தியாளர். அவருடைய செய்தியில் குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானார் என்ற வரி அச்சில் வரவில்லை.

என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். செய்தியில் முக்கியமானது முதல் பத்தியில் வரும். கீழே போகப் போகக் கனம் குறையும். சாயங்காலம் ஒரு விளம்பரம் திடீரென்று வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால், திருத்துபவர் அடியிலிருந்து வெட்டுவார். படித்துப் பார்த்து வெட்ட நேரம் இருக்காது; தேவையும் இருக்காது, எழுதியவருக்கும் அந்த வழக்கம் தெரியும். பத்தொன்பது வருடம் அப்படி வெட்டிய கை. விளக்கம் நீளமாக இருக்கிறதே என்று தோன்றியது, கை தானாக அடிக்குப் போனது.

அந்தக் கடைசிப் பத்தி சொன்னது இதைத்தான்: பழைய நாலெழுத்துப் பெயரும் மாற்றுப் பெயராகத் தொடர்ந்து வேலை செய்யும், யார் எப்படிக் கூப்பிட்டாலும் வரும், எவருடைய கட்டளையும் உடையாது.

"நாங்க முக்கியமானத கடைசிலதான் எழுதுவோம், அக்கா."

"யார் அப்படி எழுதச் சொன்னா?"

"மருந்து பாட்டில்ல வார்னிங் எங்க போடுறான்? அடியிலதான?"

"மருந்து பாட்டில யாரும் வெட்டுறதில்ல தம்பி."

"அதான் சொல்றேன்!"

முதலாளி தன் மேசையிலிருந்து எழாமலேயே, "பேப்பர்க்காரியை வேலைக்கு எடுத்தது நான்தானே, என்னை ஏசுங்கோ," என்றார்.

செமோர்க்காரர் ஏசவில்லை. படியிறங்கிப் போனார். கால் மணி நேரம் கழித்து மூன்று பாக்கெட் பால் விடாத தே ஓ தப்பாவ் கட்டி வாங்கிக்கொண்டு வந்தார். என் பாக்கெட்டைச் சுண்டுவிரலில் மாட்டி நீட்டினார். "சரி வாங்க. ரெண்டாவது பதிப்பு எழுதுவோம். இந்தத் தடவ அடில இருக்கிறத மேல போடுவோம், உங்களுக்காக."

இரண்டாவது பதிப்பை எழுத உட்கார்ந்தபோதுதான் மாற்றுப் பெயர் என்றால் என்ன என்று எனக்கு உண்மையிலேயே புரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தாமான்களாக மாறிய வருடங்களில் எங்கள் நாளிதழில் ஒரு பழக்கம் இருந்தது. வீடமைப்புப் பகுதிக்கு நகராட்சி புதுப் பெயர் வைத்ததும் செய்திகளில் நாங்களும் புதுப் பெயருக்கு மாறிவிடுவோம். விபத்து, திருட்டு, கோயில் திருவிழா, எல்லாம் புதுப் பெயரில். மரண அறிவிப்புகளில் மட்டும் பழைய தோட்டப் பெயர்தான் வரும். காசு கொடுத்துப் போடுகிறவர்கள் அப்படித்தான் எழுதித் தருவார்கள், நாங்கள் கை வைக்க மாட்டோம். வைத்தால் சாவுக்கு வர வேண்டிய பாதிப் பேர் வர மாட்டார்கள். எந்த வீடு என்றே அவர்களுக்குத் தெரியாது.

இதை அப்படியே எழுதலாமா என்று கேட்டேன்.

"வேணாம் அக்கா. அவன் நாப்பது மெஷினுக்கே அழுவுறான், நீங்க சாவு வீட்டுக்கு வேற கூட்டிட்டுப் போறீங்க."

எழுதவில்லை. முதல் பத்தியிலேயே எவருடைய கட்டளையும் உடையாது என்றோம். முதல் தடவை இதைச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு என்றும், அது நிரலின் தவறில்லை, விளக்கத்தைச் சுருக்கியபோது நேர்ந்தது என்றும் ஒரு வரி சேர்த்தோம். அந்த வரியை நானே கேட்டுச் சேர்த்தேன். நாளிதழில் என்றால் இரண்டாம் பக்கத்து மூலையில் சின்ன எழுத்தில் போயிருக்கும்.

நாற்பது இயந்திரக்காரர் அன்றே பதில் எழுதினார். இதை முன்பே சொல்லியிருந்தால் தன் காலைக் காப்பி ஆறியிருக்காது என்றார். ஆனால் விடவில்லை. நிரலை வரி வரியாகப் படித்து ஏழு கேள்வி கேட்டார். ஐந்துக்குச் செமோர்க்காரரிடம் பதில் இருந்தது. ஒன்றுக்குத் திருத்தம் தேவைப்பட்டது. ஒன்று கேள்வியே தவறு என்று அவரே அரை மணி நேரம் கழித்து எழுதினார். அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் கிளையில் ஒரு மெய்ப்புத் திருத்துநர் அப்படித்தான் இருந்தார். அவரிடம் தப்பிப் போன பிழை ஊரில் யார் கண்ணிலும் படாது.

பொறுப்பாளரின் முடிவு அந்த வாரக் கடைசியில் வந்தது. கோப்புறையின் பெயரை மாற்றலாம். நெடுநாளாகவே செய்திருக்க வேண்டியது. அதில் உள்ளே ஒரு வரியும் மாறவில்லை, இடம் மட்டும்தான் மாறுகிறது என்பதால் யாருக்கும் தொல்லை இல்லை. ஆனால் ஓடும்போது பட்டியலில் தெரியும் பெயரில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். மாற்றுப் பெயர் இருந்தாலும் அந்தப் பட்டியலையே படித்து முடிவெடுக்கும் நிரல்கள் வெளியே எத்தனை இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. சில வருடம் போகட்டும். பழைய பெயர் ஏன் ஆட்களைத் தவறாக நினைக்க வைக்கிறது என்பதை மட்டும் விளக்கத்தில் விரிவாக எழுதுங்கள், பின்னால் வருகிறவர்கள் படிக்கட்டும்.

முதல் கடிதத்திலேயே அந்தப் பத்தி இருந்திருந்தால் இரண்டு பெயரையும் மாற்றச் சம்மதித்திருப்பார்களா? செமோர்க்காரர் இல்லை என்கிறார். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. நான் திருப்பிக் கேட்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து அது உள்ளே போயிற்று. பொதுப் பதிவேட்டில் திறந்து பார்த்தோம். நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள் பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு வந்திருந்தன. மேலே என் விளக்கம், கீழே அவர் பெயர், அதன் கீழே பார்த்து ஒப்புக்கொண்டவர்களின் பெயர்கள்.

முதலாளி எழுந்து வந்து திரையருகே குனிந்து பார்த்தார். "நல்லது. இனிப் பீடோரில பச்சை வரும்."

"வராது சார்," என்றார் செமோர்க்காரர். "அங்க தெரியிற பேர் இன்னும் நாலெழுத்துதான்."

"அப்ப இவ்வளவும் செய்து என்ன பிரயோசனம்?"

"பீடோருக்கு ஒண்ணுமில்ல."

அன்று மாலை அவர் பினாங்குக்கு மின்னஞ்சல் எழுதி நேர்காணலுக்கு நாள் கேட்டார். பீடோர் மறுதணிக்கைக்கு இரண்டு நாள் கழித்து ஒரு நாளைக் கொடுத்தார்கள். எங்களிடம் மறைக்கவில்லை. எந்தச் சட்டை போடலாம் என்று என்னிடம்தான் கேட்டார்.

மறுதணிக்கைக்கு நானும் போனேன். வேலை எதுவும் இல்லை. கார் ஓட்டும்போது அவருக்குப் பேச்சுத் துணை வேண்டும் என்று முதலாளி சொன்னார். உண்மையில் அவர் வழியெல்லாம் பேசவில்லை, நான்தான் பேசினேன்.

தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "வந்துட்டார் தம்பி. எட்டு மணிக்கே வந்து உக்காந்துட்டார். பிஸ்கட் குடுத்தா வேணாங்கிறார். எனக்கு அதான் பயமா இருக்கு."

தணிக்கையாளர் கோலாலம்பூரிலிருந்து வந்த மலாய் இளைஞர். சுத்தமான வெள்ளைச் சட்டை, அமைதியான குரல். எல்லாரும் மலாயில் பேசினோம். அவர் சோதனை நிரலை ஓட விட்டார். பச்சை, பச்சை, பச்சை, சிவப்பு.

செமோர்க்காரர் ஆரம்பித்தார். நெறிமுறை, பதிப்பு, கைகுலுக்கல், மறையாக்கம் என்று பத்து நிமிடம். ஒரு தாளை எடுத்து அம்புக்குறி எல்லாம் போட்டு வரைந்தார். தணிக்கையாளர் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும், "நான் உங்களை நம்புகிறேன், அண்ணன். என் படிவம் நம்பாது," என்றார்.

படிவத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் தயங்கித் திருப்பிக் காட்டினார். இரண்டாம் பக்கத்தில் விலக்கு என்று ஒரு பகுதி இருந்தது. அதற்கு இரண்டு நிபந்தனை. ஆபத்து இல்லை என்று மென்பொருளை வெளியிடுகிறவர்கள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்; விற்பவரின் கடிதம் செல்லாது. பழைய நெறிமுறை வேலை செய்யவில்லை என்பதைத் தணிக்கையாளர் நேரில் பார்க்க வேண்டும்.

"வெளியிடுகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள்," என்றேன். "என் கைப்பேசியில் பார்க்க வேண்டாம். நீங்களே தேடுங்கள்."

அவர் தன் கணினியில் தேடினார். என்ன சொல்லைத் தட்டுவது என்று மட்டும் செமோர்க்காரர் சொன்னார். பதிவு வந்தது. பெயர் மாற்றத்தின் தலைப்பு, விளக்கம். பழைய பெயர் ஏன் தவறாக நினைக்க வைக்கிறது, இந்தப் பகுதி இன்று எந்தப் பதிப்பைப் பேசுகிறது, பழைய வழியை அடைத்துவிட்டால் எதை மறுக்கிறது. நிதானமாகப் படித்தார். கீழே வந்ததும் நிறுத்தினார்.

"இது உங்கள் பெயர்தானே, அண்ணன்?"

"ஆமாம்."

"அப்படியென்றால் விற்பவரே எழுதியது."

செமோர்க்காரர் அம்புக்குறி போட்ட தாளை மடித்தார். என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த பிஸ்கட் தட்டைப் பார்த்தார். கிராணி அம்மா சுவரோரம் நின்று கையைப் பிசைந்தார்.

"அதற்குக் கீழே பாருங்கள்," என்றேன். "ஏற்று வெளியிட்டவர் அந்தப் பகுதியின் பொறுப்பாளர். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கும் மற்றவரும் எங்கள் ஆள் இல்லை. முதலில் எங்களை எதிர்த்தவர். அவர் எப்படி எதிர்த்தார் என்பதும் அங்கேயே இருக்கிறது."

அவர் இணைப்பைத் தட்டினார். மொத்தச் சண்டையும் திறந்தது. முதல் கடிதம், நாற்பது இயந்திரம், பொறுப்பாளரின் வேண்டாம், நாங்கள் தவறை ஒப்புக்கொண்ட வரி, ஏழு கேள்வி, அவற்றுக்கு வந்த பதில்கள், கடைசியில் நாற்பது இயந்திரக்காரரின் பெயர், பார்த்தேன், ஏற்கிறேன் என்று. தணிக்கையாளர் ஒன்று விடாமல் படித்தார். காப்பி ஆறிய இடத்தில் லேசாகச் சிரித்தார்.

நீதிமன்றச் செய்தி எழுதியவர்களுக்கு இது புதிதில்லை. நம் சாட்சி நமக்காகப் பேசினால் நீதிபதி பேனாவைக் கூட எடுக்க மாட்டார். எதிர்த்தரப்புச் சாட்சி ஒப்புக்கொண்டால்தான் எழுதுவார்.

"சோதனையைக் காட்டுங்கள்," என்றார்.

செமோர்க்காரர் பெட்டியின் முன் உட்கார்ந்தார். முதல் தடவை கட்டளையைத் தவறாக அடித்தார். இரண்டாவது தடவை சரியாக அடித்தார். எடை மேடைக் கணினியிடம் பழைய பதிப்பில் பேசு என்று பெட்டிக்குச் சொன்னார். பெட்டி மறுத்தது. ஒரே ஒரு வரி. தணிக்கையாளர் கிட்ட வந்து அதைப் படம் எடுத்தார். மறுபடி செய்யுங்கள் என்றார். மறுபடி மறுத்தது. மறுபடி படம் எடுத்தார். பிறகு உட்கார்ந்து படிவத்தின் இரண்டாம் பக்கத்தை நிரப்பினார். விலக்கு: பன்னிரண்டு மாதம். பன்னிரண்டு அலுவலகத்துக்கும் பொருந்தும். அடுத்த வருடம் மறுபரிசீலனை.

"அடுத்த வருடம் பெயர் மாறிவிடுமா?" என்று கேட்டார்.

"மாறாது," என்றார் செமோர்க்காரர். உண்மையைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

"சரி. அடுத்த வருடமும் இதையே படிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் செமோர்க்காரர் காரில் ஏறவில்லை. கொய்யா மரங்களுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்று மனைவிக்குப் போன் போட்டார். பள்ளியில் இடைவேளை நேரம். பிள்ளைகள் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று அவர் மனைவி சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் இவர் கத்த ஆரம்பித்தார்.

"முடிஞ்சிருச்சு! இல்ல, பச்ச இல்ல. விட்டுட்டாங்க. ஒரு வருஷம். ஆமா, ஒரு வருஷம்தான்... பினாங்கா? வேணாம்னு எழுதிட்டு வாரேன்."

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேசினார்கள். இவர் இரண்டு தடவை ம் என்றார். பிறகு கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து, கையால் மூடிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, சமையல்கட்டுக்கு டைல்ஸ் மாத்தணுமாம். ஒரு வருஷம் இருப்பீங்கன்னா வெள்ளிக்கெழமயே ஆள வரச் சொல்லவான்னு கேக்குறா."

"என்ன சொல்லப் போற?"

"என்ன கலர்னு கேக்கப் போறேன்," என்றார். கைப்பேசியைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி நடந்தார்.